தறிச் சத்தத்துக்குள் ஒரு குரல்

மின்வெட்டு வந்தால் முகம் மலர்கிற மனிதர் ஒருவரை நாம் அறிந்திருந்தோம். பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவர். தறி நின்றால் கூலியும் நிற்கும் தொழில் அது. 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டையே வாட்டிய மின்வெட்டு, கொங்கு வட்டாரத்துத் தறிக்காரர்களையும் பனியன் கம்பெனிக்காரர்களையும் எப்படிப் படுத்தியது என்பதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஆனால் 2009-ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், இரவு ஒன்பதே காலுக்குச் சற்று முன்னே மின்சாரம் போய்விட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார். பிபிசி தமிழோசை சிற்றலையில் வரும் நேரம் அது. வன்னியில் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. அவரிடம் இருந்ததோ பேட்டரியில் ஓடும் பழைய டிரான்சிஸ்டர். தறி ஓடிக்கொண்டிருந்தால் கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனாலும் அதிலிருந்து 'கொர்ர்' என்ற ஒலிதான் பெரும்பாலும் வரும். நடுநடுவே ஓர் ஊர்ப் பெயர், ஓர் எண்ணிக்கை. மின்சாரம் போனதுமே லண்டனிலிருந்து பேசுகிறவர் பக்கத்துத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.

காதைப் பிளக்கும் தறிச் சத்தம் நின்றதால்தான் அப்படிக் கேட்டது என்று நாம் அன்று நினைத்தோம். அது பாதி உண்மையே. டிரான்சிஸ்டருக்குள் இருந்த இரைச்சல் காதால் கேட்கும் தறிச் சத்தம் அன்று. மின்கம்பிகளும் மோட்டார்களும் ஸ்விட்சுகளும் குழல்விளக்குகளும் தம்மையறியாமல் 'ஒலிபரப்பிக்' கொண்டிருந்த வேறோர் இரைச்சல் அது. அந்த இரைச்சல் நம் ஊருக்கு எப்படி வந்தது, அதைக் கழிக்கும் வித்தை எங்கெங்கே வளர்ந்தது, அந்த வித்தை மலிவாகி நம் கைக்கு வந்துசேர்ந்தபோது கழித்தெடுப்பதற்குக் குரல் ஏதும் மிஞ்சியிருந்ததா என்பவையே இக்கட்டுரையின் பொருள். நாம் தமிழ் கற்பிக்கிறவர். மின்னணுவியல் நம் துறை அன்று. எம் கல்லூரியில் அத்துறையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் பல மாலைகளைச் செலவிட்டுச் சொல்லிக்கொடுத்ததை நமக்குப் பழக்கமான மொழியில் எழுத முயல்கிறோம்.

சென்னை ராஜதானியில் வானொலி 1924-இல் தொடங்குகிறது. சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டியார் முன்னின்று அமைத்த சென்னை ராஜதானி ரேடியோ கிளப் அவ்வாண்டு ஜூலை மாத இறுதியில் ஒலிபரப்பத் தொடங்கி, 1927-இல் பணமின்றி ஓய்ந்தது. அதன் கருவியை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930-இலிருந்து ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் வந்தன. கோவைக்குத் தனி நிலையம் வாய்க்க 1966 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே நம் முன்னோர் கேட்ட வானொலி பெரும்பாலும் தொலைவிலிருந்து மெலிந்து வந்த வானொலியே: திருச்சி, சென்னை, பிறகு இலங்கை. 1952-இல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்ததும், அவற்றைத் தாராளமாக ஒலிபரப்பிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்கு இங்கே பெருங்கூட்டம் சேர்ந்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் பெயர்கள் நம் வீடுகளில் உறவினர் பெயர்களைப் போலப் புழங்கின.

பெட்டிகளுக்கும் ஒரு உள்ளூர் வரலாறு உண்டு. பிலிப்ஸ், மர்பி, புஷ் என்னும் பெயர்களையே பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். கோவையில் ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-இலேயே அறிவித்தார். (தமிழோசை தொடங்கியதும் அதே 1941-இல்தான் என்பது தற்செயல்.) போர்க்காலத்தில், இறக்குமதிப் பெட்டிகள் பெருஞ்செல்வர் வீட்டு வரவேற்பறையில் மட்டுமே இருந்த நாளில், எழுபது ரூபாய் என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அவருடைய யூ.எம்.எஸ். நிறுவனப் பெயரிலேயே பிற்பாடு வானொலிப் பெட்டிகள் வந்தன. அவற்றுள் ஒன்றை அவிநாசிப் பக்கத்து வீடொன்றில் சுவாமி படத்துக்குக் கீழே, மேலே துணி போர்த்தி வைத்திருந்ததைச் சிறுவயதில் கண்டிருக்கிறோம்.

இதே நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து 1937-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக மின்மோட்டாரைச் செய்தவர் என்றும் சொல்வார்கள். வானொலிப் பெட்டியும் அதற்குப் பகையான மோட்டாரும் ஒரே ஊரில், ஏறத்தாழ ஒரே கையால் பிறந்திருக்கின்றன. மோட்டார்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது? நீலகிரியிலிருந்து. பைக்காரா நீர்மின் திட்டம் 1930-களின் தொடக்கத்தில் மின்சாரம் தரத் தொடங்கியதும் கோவையைச் சுற்றி நூற்பாலைகள் பெருகின. சோமனூரிலும் பல்லடத்திலும் பின்னாளில் விசைத்தறிகள் நிறைந்தன. திருப்பூரில் பனியன் பின்னும் எந்திரங்கள் கைச்சுற்றிலிருந்து மின்சுற்றுக்கு மாறின. தையல் எந்திரங்களை வரிசையாக மேசையில் பூட்டி மோட்டாரால் ஓட்டும் அமைப்புக்கு நம் ஊரில் 'பவர் டேபிள்' என்று பெயர். வீட்டுக்கு வீடு, சந்துக்குச் சந்து பவர் டேபிள் வந்த ஊரில் வானொலி எப்படித் தெளிவாகக் கேட்கும்?

ஊத்துக்குளி சாலையில் பெட்டிக்கடை அளவுக்கு ரேடியோக் கடை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் இதைப் பற்றி நமக்கு முதன்முதலில் சொன்னவர். "மோட்டார் எல்லாம் கத்தாதுங்க சார். பொறி வர்ற எடந்தான் கத்தும்" என்பார். உண்மைதான். தறியை ஓட்டும் தூண்டல் மோட்டாரில் பொறி பறக்க இடமில்லை. அதன் ஸ்டார்ட்டர், தேய்ந்துபோன ஸ்விட்சு, தளர்ந்த இணைப்பு, ஓடும் பெல்ட்டில் ஏறும் நிலைமின்சாரம், குழல்விளக்கின் சோக், கார்பன் பிரஷ் வைத்த வீட்டுத் தையல் மோட்டார் ஆகியவையே குற்றவாளிகள். ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி மின்னல். இடி இடிக்கும்போது ரேடியோ கரகரப்பதைக் கேட்டிருப்பீர்கள். தறிக்கூடத்தில் அந்த மின்னல் நொடிக்குப் பலமுறை அடிக்கிறது. மெக்கானிக் கைவசம் இருந்த மருந்து இரண்டு. மின்கம்பி உள்ளே வரும் இடத்தில் ஒரு கண்டென்சரைக் குறுக்கே போடுவது ஒன்று. ஏரியலை மோட்டாரிலிருந்து தூரமாகக் கட்டுவது மற்றொன்று. மூன்றாவதாக ஒன்று சொல்வார், சிரிக்காமல்: "பெட்டிய மெதுவாத் திருப்புங்க. அது எந்தப் பக்கம் பார்த்தா சும்மா இருக்குதுன்னு பாருங்க." பெட்டிக்குள் இருக்கும் பெரைட் தண்டு ஒரு திசையில் செவிடாகும், அந்தச் செவிட்டுத் திசையை மோட்டாருக்கு நேரே காட்டினால் இரைச்சல் குறையும். ஆயிரம் ரூபாய் அறிவை ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்பது நமக்குப் பிற்பாடே விளங்கிற்று.

நிற்க. பழைய பெட்டி எப்படி ஒரு நிலையத்தைப் பிடித்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிட வேண்டும். ஏரியலுக்கு ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான நிலையங்களின் அலைகள் வந்து மோதுகின்றன. அமெரிக்கரான எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918-இல் கண்டறிந்த முறைப்படி, நாம் வேண்டும் நிலையத்தின் அலை, பெட்டிக்குள்ளேயே பிறக்கும் இன்னோர் அலையோடு கலக்கப்பட்டு, 455 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே நிலையான அலைவரிசைக்கு இறக்கப்படுகிறது. கோவை வானொலியின் 999 ஆனாலும் வேறெந்த நிலையமானாலும் உள்ளே போனால் எல்லாம் 455தான். அந்த ஓர் இடத்துக்கென்றே செய்த குறுகிய வடிகட்டி வேண்டாதவற்றைத் தள்ளிவிடும். செப்புக்கம்பிச் சுருளும் கண்டென்சரும் சேர்ந்ததே வடிகட்டி. அதன் தரம் சுற்றியவர் கையையும் அன்றைய வெயிலையும் பொறுத்தது.

இங்கேதான் ஒரு நுட்பமான தவறு ஒளிந்திருக்கிறது. பொறியால் வரும் இரைச்சல் மிகமிகக் குறுகிய நேரமே இருப்பது. நொடியில் சில லட்சத்தில் ஒரு பங்கு. குறுகிய வடிகட்டிக்குள் நுழைந்ததும் அது கோவில் மணியை ஒருமுறை தட்டினாற்போல நெடுநேரம் ரீங்கரிக்கிறது. தட்டியது ஒரு கணம். ஒலிப்பதோ பல கணம். அந்த ரீங்காரத்துக்குள் பேசுகிறவரின் ஓர் எழுத்தே கரைந்துபோகும். பொறியை வடிகட்டிக்கு முன்னாலேயே, அது குறுகியதாக இருக்கும்போதே வெட்டியெறிந்திருந்தால் இழப்பு மிகச் சிறிதாக இருந்திருக்கும். தொழில்முறைக் கருவிகளில் அதற்கான சுற்றுகள் இருந்தன. திண்ணைப் பெட்டிகளில் இல்லை. முதலில் குறுக்கிவிட்டுப் பிறகு வருந்தியதுதான் அந்தப் பெட்டிகளின் விதி.

எண்ணியல் குறிகைச் செயலாக்கம் என்று தமிழிலும், டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங் என்று எல்லோர் வாயிலும் வழங்கும் வித்தை இந்த விதியை மாற்றுகிறது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. அலையை எண்களாக்கிவிட்டு, கம்பிச்சுருள் செய்த வேலையைக் கூட்டலாலும் பெருக்கலாலும் செய்வதே அது. தமிழ் படித்தவர்க்கு இதில் பாதி முன்பே பழக்கம். ஓடுகின்ற ஒலியைக் காலத்தால் வெட்டி அளக்கலாம் என்பதைத் தொல்காப்பியர் நமக்குச் சொல்லியிருக்கிறார். கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் அளவாகக் கொண்டு குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று வகுத்தார். நன்னூலார் மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை வரை போனார். எண்ணியல் வானொலி இதே கத்தியை இன்னும் கூராக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. மாத்திரை ஒலியின் நீளத்தை அளக்கிறது; இங்கே எடுக்கப்படும் மாதிரியோ ஒரு கணத்தில் அலை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அளக்கிறது. பழந்தமிழர் எல்லாவற்றையும் முன்பே கண்டுவிட்டார்கள் என்று மார்தட்டும் கட்டுரைகள் போதுமான அளவு வந்துவிட்டன. அந்தப் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டாம் என்று அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

எத்தனை மாதிரி எடுத்தால் போதும்? ஓர் அலை நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறதோ அதைப்போல இரு மடங்குக்கு மேல் எடுத்தால், இடையில் விட்டவற்றையும் இழப்பின்றி மீட்டுவிடலாம். நைக்விஸ்ட் 1928-இலும் சோவியத் நாட்டின் கோட்டெல்னிகோவ் 1933-இலும் ஷானன் 1949-இலும் வெவ்வேறு வழியாக இந்த விதியைத் தொட்டார்கள். புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு கோடு முழுவதையும் திரும்பப் பெறலாம் என்பது, முதன்முறை கேட்கும்போது, ஏமாற்று வித்தை போலத்தான் தோன்றுகிறது. எண்களானபின் வடிகட்டுதல் எளிது. வந்த எண்ணையும் அதற்கு முன் வந்த சில நூறு எண்களையும் குறித்த விகிதங்களால் பெருக்கிக் கூட்டினால், ஒரு வரிசை நிற்கும், மற்றது மறையும். பின்னலாடையில் ஒவ்வொரு கண்ணியும் முந்தைய கண்ணிக்குள் புகுந்தே எழுவதுபோல, ஒவ்வொரு விடையும் முந்தைய எண்களைத் தாங்கியே வருகிறது. விகிதத்தை மாற்றினால் வடிகட்டி மாறும். சுருளை அவிழ்த்துச் சுற்ற வேண்டாம், வெயிலுக்கு நெகிழாது.

இவ்வளவு பெருக்கலுக்கு நேரம் எங்கே என்ற கேள்வி நெடுங்காலம் வழிமறித்தது. 1965-இல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்ட விரைவுக் கணக்கு அதைத் திறந்துவிட்டது. 1,024 எண்கள் கொண்ட ஒரு துண்டில் எந்தெந்த அலைவரிசை எவ்வளவு இருக்கிறது என்று நேர்வழியில் பார்த்தால் பத்து லட்சத்துக்கு மேல் பெருக்க வேண்டும். அவர்கள் வழியில் ஏறத்தாழ ஐயாயிரம் போதும். சோவியத் அணுகுண்டுச் சோதனைகளை நிலநடுக்கப் பதிவிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்ற பனிப்போர்க் கவலையே அவ்வேலைக்குத் தூண்டுதல். அந்த உத்தியைக் காஸ், குறுங்கோள்களின் பாதையைக் கணிக்க 1805 வாக்கிலேயே எழுதிவைத்திருந்தார் என்பது பிற்பாடு தெரியவந்தது. அவர் இறந்தபின் அச்சான அந்தக் குறிப்பை யாரும் சட்டை செய்யவில்லை. ஓலைச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு இதில் வியப்பில்லை.

இனி மலைக்குப் போவோம். திருப்பூரிலிருந்து நான்கு மணி நேரப் பயணத்தில், உதகைக்கு அருகே முத்தோரை என்ற இடத்தில், ஒரு மலைச்சரிவின் மேல் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய ஒரு வானொலி ஏற்பி கிடக்கிறது. 24 வளைந்த சட்டங்களின்மேல் துருவேறா எஃகுக் கம்பிகள் 1,100 இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. தறியில் பாவு ஓட்டியதைப் பார்த்திருப்பவர்க்கு முதல் பார்வையிலேயே மனத்தில் ஒட்டிக்கொள்ளும் காட்சி. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் (1929-2020) தலைமையில் இந்தியப் பொறியாளர்கள் வடித்து 1970-இல் முடித்த உதகை வானொலித் தொலைநோக்கி அது. சரிவின் சாய்வு பதினொரு பாகைக்குச் சற்று மேல். அவ்விடத்தின் அட்சரேகையும் அதுவே. ஆகவே தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. ஒரே அச்சில் உருட்டினால் ஒரு வான்பொருளை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். பெருஞ்செலவில் செய்ய வேண்டிய எந்திரத்துக்குப் பதில் பொருத்தமான மலையைத் தேடிப் பிடித்தார்கள். சிக்கனம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அது கேட்கும் அலைவரிசை 326.5 மெகாஹெர்ட்ஸ். நிலா ஒரு வானொலி மூலத்தை மறைக்கும் கணத்தில் அதன் ஒளிர்வு எப்படி மங்குகிறது என்று பதிந்து, மூலத்தின் அளவைக் கணித்தார்கள். தொலைவிலுள்ள மூலங்களின் கோண அளவுகளைக் கொண்டு 1975-இல் ஸ்வரூப்பும் கபாஹியும் வெளியிட்ட முடிவுகள், பிரபஞ்சம் மாறாமல் ஒரே நிலையில் இருக்கிறது என்ற கொள்கைக்கு எதிராகவும் பெருவெடிப்புக் கொள்கைக்குச் சார்பாகவும் நின்றன. பைக்காரா மின்சாரம் கீழே இறங்கி மோட்டார்களை ஓட்டி இரைச்சலை வளர்த்த அதே மலைத்தொடரின் மேலே, அந்த இரைச்சல் எட்டாத பள்ளத்தாக்கு ஒன்றைத் தேடிப்போய் உட்கார்ந்து வானத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

நம் பொருளுக்கு அந்தத் தொலைநோக்கி ஏன் முக்கியம் என்றால், அதன் குவியக் கோட்டில் இருக்கும் 1,056 சிற்றேரியல்களுக்காக. தொடக்கத்தில் இவற்றில் விழும் அலைகளைக் கம்பிகளின் வழியே, உரிய தாமதங்களைக் கொடுத்து, ஒன்றாகக் கூட்டினார்கள். கூட்டியபின் பிரிக்க முடியாது. எந்தத் திசையைக் கேட்க வேண்டும் என்று கூட்டும்போதே தீர்மானித்தாக வேண்டும். பிற்காலத்தில் பெங்களூரின் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தாரோடு சேர்ந்து செய்த மேம்பாட்டில், நான்கு நான்காகச் சேர்த்த 264 தொகுதிகளின் அலைகளைத் தனித்தனியே எண்களாக்கும் ஏற்பி திட்டமிடப்பட்டது. எண்களாக இருந்தால் ஒரே பதிவை இந்தத் திசைக்கு ஒருமுறை, அந்தத் திசைக்கு ஒருமுறை என்று வெவ்வேறு விதமாகக் கூட்டலாம். மெக்கானிக் பெட்டியைத் திருப்பித் திருப்பிச் செவிட்டுத் திசையைத் தேடினாரே, அதை இங்கே ஏரியலை அசைக்காமல் கணக்கிலேயே செய்கிறார்கள்.

புணேவுக்கு வடக்கே கோடத் கிராமத்தைச் சுற்றி ஸ்வரூப் எழுப்பிய ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியின் கதை இன்னும் நெருக்கமானது. 45 மீட்டர் விட்டமுடைய முப்பது கிண்ணங்கள். அவற்றைத் தொல்லைப்படுத்தியவற்றுள் ஒன்று வயல்களின் நடுவே போகும் உயரழுத்த மின்கம்பிகளில் பறக்கும் பொறி. பல்லடத்து டிரான்சிஸ்டரின் அதே நோய்! தொலைநோக்கியைப் புதுப்பித்தபோது, வரும் எண்களை ஓடும்போதே சோதித்து, சுற்றியுள்ள எண்களின் நடுமதிப்பிலிருந்து வரம்பு மீறி விலகி நிற்பவற்றை அடையாளம் கண்டு அந்த இடத்திலேயே நீக்கிவிடும் முறையைச் சேர்த்தார்கள். சராசரியைக் கொண்டு பார்த்தால் பொறியின் உயரமே சராசரியைத் தூக்கிவிட்டு, திருடனையே காவல்காரன் ஆக்கிவிடும். நடுமதிப்பு அப்படி ஏமாறாது. செக்கிங் பிரிவில் ஓட்டை விழுந்த பீஸை எடுத்துத் தனியே போடும் பெண்ணின் வேலையை, நொடிக்குப் பல கோடி முறை செய்கிறது அந்தச் சுற்று.

இவ்வித்தை மலையிலிருந்து சந்தைக்கு இறங்க நெடுநாள் ஆகவில்லை. 2000-களின் நடுவில் சிலிக்கான் லேப்ஸ் முதலிய நிறுவனங்கள், ஏரியல் முதல் ஒலி வரை எல்லா வேலையையும் எண்ணியல் முறையில் செய்யும் வானொலியைத் துவரம்பருப்பு அளவுள்ள ஒரு சில்லுக்குள் அடைத்தன. 455 கிலோஹெர்ட்ஸ் சுருள் போயிற்று. அதைத் திருகிச் சரிசெய்ய மெக்கானிக் வைத்திருந்த பிளாஸ்டிக் திருப்புளியும் போயிற்று. சீனத்துப் பெட்டிகள் அச்சில்லுகளோடு வந்து குவிந்தன. கைபேசிக்குள்ளும் பண்பலை ஏற்பி புகுந்தது. கோவையில் தனியார் பண்பலை நிலையங்கள் தொடங்கியிருந்த காலம். காதுக்குழாயின் கம்பியே ஏரியல். ஓவர்லாக் எந்திரத்தின் முன் ஒரு காதில் மட்டும் குழாயைச் செருகிக்கொண்டு, மறு காதை மேஸ்திரி கூப்பிடும் குரலுக்கு ஒதுக்கிவைத்த தொழிலாளர்களைத் திருப்பூரில் எங்கும் பார்க்கலாம் என்று ஆயிற்று. பண்பலைக்கு இரைச்சல் அவ்வளவாக ஏறாது. அலையின் உயரத்தில் அன்று, அதன் அடர்த்தி மாற்றத்தில் குரலை வைத்து அனுப்பும் முறை அது. அதுவும் ஆம்ஸ்ட்ராங் தந்ததே. ஆனால் பண்பலை அடுத்த மாவட்டத்தைத் தாண்டாது. கடல் கடந்து வருகிற குரல் வேண்டுமென்றால் சிற்றலைக்கும் மத்திய அலைக்கும்தான் போக வேண்டும். இரைச்சலின் கோட்டையும் அதுவே.

2012-இல் இன்னொரு வேடிக்கை நடந்தது. கணினியில் தொலைக்காட்சி பார்க்க விற்கப்பட்ட மலிவான யூ.எஸ்.பி. குச்சி ஒன்று, தனக்கு வரும் அலைகளைப் பதப்படுத்தாத எண்களாகவே கணினிக்குக் கொட்டிவிடும் என்று பின்லாந்து நாட்டு ஆன்ட்டி பலோசாரி முதலிய ஆர்வலர்கள் கண்டார்கள். அன்று முதல் சில நூறு ரூபாய்க்கு, மீதி வேலை எல்லாவற்றையும் மென்பொருளே செய்யும் வானொலி மாணவர் கைக்கு வந்தது. நம் நண்பரின் ஆய்வகத்தில் அதைப் பார்த்தோம். திரையில் அலைவரிசைகள் அருவிபோல மேலிருந்து கீழே வழிகின்றன. ஒவ்வொரு நிலையமும் ஒரு நிமிர்ந்த கோடு. பொறிகள் குறுக்குக் கோடுகளாக விழுகின்றன. வாழ்நாள் முழுதும் காதால் மட்டும் அறிந்த இரைச்சலை அன்று கண்ணால் கண்டோம். குறுக்குக் கோட்டை வெட்டும் கட்டளையை நண்பர் அழுத்தியதும் கரகரப்பு பாதிக்கு மேல் அடங்கியது. இன்னொரு முறையும் காட்டினார்: ஓர் ஏரியலை நிலையத்துக்கும், மற்றொன்றை மோட்டாருக்கு அருகிலும் வைத்து, முன்னதிலிருந்து பின்னதைத் தகுந்த அளவில் கழிப்பது. எந்த அளவில் கழித்தால் மிச்சம் குறையும் என்பதை நிரலே தப்பும் தவறுமாகக் கற்றுத் திருத்திக்கொள்கிறது. விட்ரோ, ஹோஃப் என்ற இருவர் 1960-இல் தந்த வழி. அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்று வகுப்பில் சொல்லிவருகிறோம். அந்த அன்னத்துக்கும் நீர் எப்படியிருக்கும் என்று யாராவது முதலில் காட்டியிருக்க வேண்டும் போலும்.

எல்லாம் முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. எட்டு பிட் குச்சி ஓர் அலையை 256 படிகளில்தான் அளக்கும். பக்கத்து இரைச்சல் அந்தப் படிகளை முழுதும் நிரப்பிவிட்டால், அடியில் கிடக்கும் மெல்லிய குரலுக்குப் படியே மிஞ்சாது. எண்ணாக மாறும்போதே இழந்ததை எந்தக் கணக்கும் மீட்காது. இரைச்சலும் சும்மா இருக்கவில்லை. பவர் டேபிள்களில் பழைய கிளட்ச் மோட்டாருக்குப் பதில் மின்சாரம் மிச்சமாகும் சர்வோ மோட்டார் வந்தது. குழல்விளக்குக்குப் பதில் எல்.இ.டி. வந்தது. இவற்றின் மின்னணு இயக்கிகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகின்றன. பழைய இரைச்சல் விட்டுவிட்டு அடித்தது, வெட்டியெறிய இடைவெளி இருந்தது. புதியது இடைவிடாமல் சீப்பின் பற்களைப் போல அலைவரிசை முழுதும் நிற்கிறது. கேட்கும் கருவியை மலிவாக்கிய அதே மின்னணுவியல், கேட்க முடியாதபடி காற்றையும் நிரப்பிவிட்டது.

ஆயினும் நமக்குப் பெரிய வருத்தம் வேறு. தமிழோசை தன் வானொலி ஒலிபரப்பை 2017 ஏப்ரல் 30 அன்று நிறுத்திக்கொண்டது. மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் சிற்றலை அடுத்த ஆண்டு ஓய்ந்தது. அகில இந்திய வானொலியும் தன் மத்திய அலைப் பரப்பிகளை நாடெங்கும் ஒவ்வொன்றாக நிறுத்தி வந்திருக்கிறது, இடையில் டி.ஆர்.எம். என்னும் எண்ணியல் ஒலிபரப்புக்கு முப்பதுக்கும் மேற்பட்ட பரப்பிகளைப் பெருஞ்செலவில் மாற்றியது. அதைப் பிடிக்கும் பெட்டியை நம் பக்கத்து வீடுகளில் ஒன்றிலும் நாம் கண்டதில்லை. இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, இணையம் அறுக்கப்படாத இடத்தில், மாதக் கட்டணம் கட்டியவருக்கு, யார் எதைக் கேட்கிறார் என்ற கணக்கோடு கிடைக்கிறது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்டவரை எந்தச் சர்க்காராலும் எண்ணியிருக்க முடியாது. மெலிந்த குரலை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் கருவி சில நூறு ரூபாய்க்கு இறங்கிய அதே ஆண்டுகளில், பிரித்தெடுக்க வேண்டிய குரல்களைச் செலவுக்கணக்குப் பார்த்து நிறுத்தினார்கள். இதை நாம் தொழில்நுட்பத்தின் குற்றமாகக் கருதவில்லை. பெட்டி செய்தவர்களும் ஒலிபரப்பியவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் வேலை செய்ததன் விளைவு என்பதே நம் துணிபு.

அண்மையில் ஒரு மாலை, ஒன்றரை ஷிப்ட் முடியும் எட்டரை மணிக்குச் சற்று முன், நண்பரின் மடிக்கணினியையும் குச்சியையும் பத்து மீட்டர் கம்பியையும் எடுத்துக்கொண்டு எம் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினோம். தெருவில் மூன்று பனியன் கம்பெனிகள். மத்திய அலை முழுவதும் சீப்புப் பற்கள் நின்றன. எட்டரை மணிக்கு முதல் கம்பெனியின் விளக்கு அணைந்ததும் பற்களில் ஒரு வரிசை திரையிலிருந்து அப்படியே உதிர்ந்தது. இரண்டாவது கம்பெனி அணைந்ததும் இன்னொரு வரிசை. இடையே, அதுவரை கண்ணில் படாத ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. நண்பர் வடிகட்டியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தார். ஒரு பெண்குரல், தமிழ்தான், அலை ஏறி இறங்குவதுபோல் நெருங்கியும் விலகியும் வந்தது. நிலையத்தின் பெயரைச் சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். மூன்றாவது கம்பெனியில் ஏதோ அவசர ஆர்டர் போலிருக்கிறது; அங்கே இரவு ஷிப்டுக்கு மோட்டார்கள் ஒவ்வொன்றாக எழத் தொடங்கின.